உழைத்த உடலும் ஓய்ந்த உடலும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

இலக்கிய வட்டத்தின் மேடையில் உடற்பயிற்சியைப் பற்றிய உரை எதற்கு என்னும் வினா அவையினர் உள்ளத்தில் எழுவது இயல்பே. அதற்குரிய விடை வட்டத்தின் உறுப்பினர் பட்டியலிலேயே இருக்கிறது. ஆசிரியர்கள், அலுவலர்கள், வங்கிப் பணியாளர்கள், பணி ஓய்வு பெற்றோர், இல்லத்தரசியர், கவிஞர்கள் ஆகியோரே இவ்வட்டத்தினர். இவர்தம் பணிகள் பல. ஆயினும் படிப்பதும் எழுதுவதும் கேட்பதும் அமர்ந்து செய்வன. இவர்களுள் பலருடைய பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் காவிரிப் படுகையின் வரப்புகளில் நடந்தே வாழ்ந்தவர்கள். அவர்கள் உண்ட அரிசிச் சோற்றையே இவர்களும் உண்கின்றனர். அவர்கள் செய்த வேலையை மட்டும் செய்வதில்லை. இவ்வேறுபாட்டை உடல் எங்ஙனம் கணக்கெடுக்கிறது, அதனைச் சீர்செய்ய வழி உண்டா என்பனவே இவ்வுரையின் பொருள்.

மருதத்தின் உழைப்பு

வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம் எனப் பெற்றன. சங்கச் செய்யுட்களில் மருதத் திணையை ஊடலுக்குரியதாகப் பயில்வது வழக்கம். ஆயினும் அவ்வூடலுக்குப் பின்புலமாக நெல்லரிவோர் நிற்கின்றனர். அவர்தம் தண்ணுமை முழக்கம் கேட்டு வயற்பறவைகள் வெருவி எழுகின்றன. பிற்காலத்துப் பள்ளு நூல்கள் உழவையும் நடவையும் விளைச்சலையும் விரித்துரைத்தன. நாட்டுப்புறத்து நடவுப் பாடலோ உழைப்போடு உடன்பிறந்தது. குனிந்து நாற்றூன்றும் கையின் அசைவே அதன் தாளம்.

இத்துணை உழைப்பைக் கண்ட மண்ணில், திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் உடற்பயிற்சியைத் தனியே பேசவில்லை என்பது ஈண்டுக் கருதத்தக்கது. உண்டது செரித்தபின் அளவறிந்து உண்ணுதலையே அது பெரிதும் வலியுறுத்துகிறது. உழைப்பு வாழ்வோடு கலந்திருந்த காலத்தில் அதனை மருந்தாக விதிக்கும் தேவை எழவில்லை எனக் கொள்ளலாம். மாறாக, உண்டு உறங்கி அசையாதிருப்போரை நோக்கிப் பேச நேர்ந்தபோது, வடமொழியின் சுசுருத சங்கிதை நீரிழிவுற்றோர்க்கு நெடுநடையையும் கிணறு தோண்டுதலையும் மருத்துவமாக விதித்தது. அசையாத உடலுக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பு பண்டே உணரப்பட்ட ஒன்று.

இவ்விடத்து ஒரு தெளிவு வேண்டும். சேற்றில் நின்ற உடல் நலமுடைய உடல் என்று பாடிவிடுவது எளிது. அவ்வுடலுக்கு வயிறார உணவும் உழைப்பிற்கேற்ற கூலியும் கிடைக்கவில்லை என்பது வரலாறு. கூலிப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்த மண் இது. ஆதலின் பழைய உழைப்பிற்குத் திரும்புக என்பது இவ்வுரையின் கருத்தன்று. பிறர் ஏவலால் உடல் தேய உழைப்பது வேறு. தன் நலம் கருதித் தானே உடலை இயக்குவது வேறு. முன்னையது நீங்க வேண்டியதே. அது நீங்கிய இடத்தில் பின்னையது வந்து அமரவில்லை என்பதே இன்றைய குறை.

மாறியதும் மாறாததும்

1934-ஆம் ஆண்டு மேட்டூர் அணை நிறைவுற்றது. 1960-61-இல் தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்திற்கு நாட்டில் முதன்முதல் தெரிந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. அதன் பின்னர் உழவு மாடுகளின் இடத்தை டிராக்டர் கொண்டது. அரிவாளின் இடத்தை அறுவடை இயந்திரம் கொண்டது. நடவிற்கும் இயந்திரம் வந்தது. உலக்கையை அரிசி ஆலையும், அம்மியையும் ஆட்டுக்கல்லையும் மிக்சியும் கிரைண்டரும் ஓய்வு கொள்ளச் செய்தன. 1980-இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 போன்ற சிறு வண்டிகள் மிதிவண்டியையும் கால்நடையையும் குறைத்தன. இவை ஒவ்வொன்றும் வரவேற்கத்தக்க மாற்றமே. உலக்கை ஓய்ந்ததால் இளைப்பாறிய பெண்கள் எண்ணற்றோர். எனினும் இச்சிறு விடுதலைகள் அனைத்தையும் கூட்டிப் பார்த்தால், ஒரு தலைமுறைக்குள் உடலிலிருந்து கழிந்த உழைப்பு பேரளவினது என்பது புலனாகும்.

உழைப்புக் குறைந்தால் பசியும் குறையாதா என வினவலாம். 1956-ஆம் ஆண்டு ழான் மேயர் என்னும் ஊட்டவியல் அறிஞரும் அவருடன் பணியாற்றியோரும் மேற்கு வங்கத்துச் சணல் ஆலை ஒன்றில் கண்ட உண்மை இதற்கு விடை தரும். அங்கே மூட்டை சுமந்தோர் மிகுதியாக உண்டனர். உடல் மெலிந்தே இருந்தனர். ஓரளவு வேலை செய்தோர் அதற்கேற்பக் குறைத்து உண்டனர். ஆனால் அமர்ந்தே பணிபுரிந்தோர், இவ்வளவான வேலை செய்தோரைவிட மிகுதியாக உண்டனர், உடலும் பருத்திருந்தனர். அசைவு ஒரு வரம்பிற்குக் கீழே சென்றால் பசி தன் அளவுகோலை இழந்துவிடுகிறது என்பதே அவ்வாய்வின் சாரம்.

அதற்கு மூன்றாண்டு முன்னர், 1953-இல், இலண்டன் மாநகரத்துப் பேருந்துகளை மையமாகக் கொண்ட ஆய்வினை ஜெரி மாரிஸ் என்பார் தம் குழுவினருடன் வெளியிட்டார். ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வண்டியில் ஒரே நேரம் பணிபுரிபவர்கள். ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருந்தார். நடத்துநர் மாடிப் பேருந்தின் படிகளில் ஏறி இறங்கினார். மாரடைப்பு நடத்துநரிடத்துக் குறைவாகவே காணப்பட்டது. தொழில்முறை அசைவிற்கும் நெஞ்ச நோய்க்கும் உள்ள உறவை உலகம் ஆராயத் தொடங்கியது இதன் பின்னரே எனலாம்.

தமிழகத்து நிலைக்கு வருவோர்க்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெருங்கணக்கெடுப்பு துணையாகும். 2011-இல் வெளியான அதன் முதற்கட்ட முடிவின்படி, தமிழகத்து நகர்ப்புறத்தில் வளர்ந்தோருள் 13.7 விழுக்காட்டினர்க்கும் சிற்றூர்ப்புறத்தில் 7.8 விழுக்காட்டினர்க்கும் நீரிழிவு இருந்தது. தமிழகம் உள்ளிட்ட நான்கு பகுதிகளில் உடலியக்கத்தை அளந்து 2014-இல் வெளியிடப்பட்ட முடிவு, 54.4 விழுக்காட்டினர் போதிய இயக்கம் இல்லாதோர் எனக் கண்டது. சிற்றூர்ப்புறத்திலும் அது பாதியளவு. ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சியோ விளையாட்டோ மேற்கொண்டவர் பத்தில் ஒருவரினும் குறைவு. நாடு தழுவிய முடிவு 2023-இல் வெளியாயிற்று. அதன்படி 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடையோர். மேலும் 15.3 விழுக்காட்டினர் நோயின் வாயிலில், முன்நிலையில், நிற்பவர்கள். வாயிலில் நிற்போரைத் திருப்பியனுப்ப இயலுமா என்பதே அடுத்த வினா.

தசை என்னும் வயல்

சோறு செரித்துச் சர்க்கரையாகிக் குருதியில் கலக்கிறது. அச்சர்க்கரையின் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளும் இடம் தசை. குருதியை வாய்க்காலாகவும் தசையை வயலாகவும் கொண்டால், இரண்டிற்கும் இடையே மதகுகள் உள்ளன. கணையம் சுரக்கும் இன்சுலின் வந்து அம்மதகுகளைத் திறக்கிறது. பாய்ந்த சர்க்கரை தசையில் சேமிப்பாகத் தங்கி, உழைக்குங்கால் செலவாகிறது.

அசையாத உடலில் இச்செலவு நிகழ்வதில்லை. வயல் நிரம்பியே கிடக்கிறது. தசையிலும் கல்லீரலிலும் கொழுப்பு வண்டலாகப் படிகிறது. இன்சுலின் வந்தும் மதகு முன்போல் திறப்பதில்லை. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்து ஈடுகொடுக்க முயன்று, காலப்போக்கில் தளர்கிறது. வாய்க்காலில் தேங்கிய நீர் கரையை அரிப்பதுபோல, குருதியில் மிகுந்த சர்க்கரை கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் நெஞ்சையும் அரிக்கிறது.

தசை சுருங்கி விரியும்போது என்ன நிகழ்கிறது? உழைக்கும் தசை, இன்சுலினை எதிர்பாராமல் தானே மதகைத் திறந்துகொள்கிறது. இன்சுலினுக்கு இணங்காத உடலிலும் இவ்வழி அடைபடுவதில்லை. மருத்துவ அறிவியல் உடற்பயிற்சியை வற்புறுத்துவதன் முதற்காரணம் இதுவே. நடந்து முடித்தபின்னும் அத்தசை ஒருநாள் முதல் இரண்டு மூன்று நாள் வரை இன்சுலினுக்கு நன்கு இணங்கிய நிலையில் இருக்கிறது. பின்னர் அப்பயன் மெல்லத் தேய்கிறது. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் பயிற்சியின்றி விடலாகாது என மருத்துவர்கள் கூறுவது இதனாலேயே. ஆடிப்பெருக்கன்று ஒருநாள் வந்த வெள்ளம் சம்பாப் பயிரை விளைவிப்பதில்லை. முறைவைத்து வரும் நீரே விளைவிக்கிறது. உடற்பயிற்சியின் ஆற்றல் அதன் கடுமையினும் அதன் ஒழுங்கிலேயே மிகுதியாக உள்ளது.

தொடர்ந்த பயிற்சியின் பிற பயன்களும் உள. கல்லீரலிலும் வயிற்றின் உட்புறத்தும் படிந்த கொழுப்பு குறைகிறது. குருதியழுத்தம் ஓரளவு தணிகிறது. குருதியில் உள்ள டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு இறங்குகிறது. உடலின் எடை குறையாவிடினும் இவற்றுள் பல நிகழ்கின்றன. எடை பார்க்கும் எந்திரத்தில் மாற்றம் காணாது, பயனில்லை எனப் பயிற்சியைக் கைவிடுவோர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும். மெலிந்த தோற்றமுடையோர்க்கும் வயிற்றின் உட்புறத்துக் கொழுப்பு சேர்ந்திருத்தல் இந்தியரிடையே பெரிதும் காணப்படுவதால், ஒல்லியாக இருப்பதே நலத்திற்குச் சான்றாகாது.

சென்னையில் நிகழ்ந்த சோதனை

1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கிய மருத்துவர் மா. விசுவநாதன் வழியில் வளர்ந்தது தமிழகத்து நீரிழிவு ஆராய்ச்சி. அவ்வழியில் வந்த மருத்துவர் அ. இராமச்சந்திரனும் குழுவினரும் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006-இல் வெளியாயிற்று. நோயின் முன்நிலையில் நின்ற 531 பேர் அதில் பங்கேற்றனர். நடுத்தர வயதினரான பணியாளர் குடும்பத்தினரே அவர்கள். ஏறத்தாழ இவ்வவையில் அமர்ந்திருப்போரை ஒத்தவர்கள்.

ஒரு பிரிவினர்க்கு வழக்கமான அறிவுரை மட்டும் தரப்பட்டது. மற்றொரு பிரிவினர் நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்குமாறும் உணவைச் சீர்செய்யுமாறும் தொடர்ந்து ஊக்கப்பட்டனர். முன்னரே உழைத்தோ நடந்தோ மிதிவண்டி ஓட்டியோ வந்தவர்கள் அதனையே தொடரப் பணிக்கப்பட்டனர். மூன்றாண்டு அளவில் வழக்கமான அறிவுரை பெற்றோருள் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். நடையும் உணவுச் சீரும் மேற்கொண்டோருள் அது 39.3 விழுக்காடாக நின்றது. மெட்ஃபார்மின் மாத்திரை உண்ட பிரிவினரின் நிலையும் ஏறத்தாழ அதுவே. மாத்திரை செய்ததை நடையும் உணவும் செய்தன. மாத்திரையையும் சேர்த்துத் தந்தபோது கூடுதற் பயன் காணப்படவில்லை. இத்துணைப் பயனும் உடலின் எடையில் குறிப்பிடத்தக்க குறைவு நேராமலே விளைந்தது என்பது உற்று நோக்கத்தக்கது.

பங்கேற்ற 531 பேருள் பெண்கள் 110 பேரே. ஆய்விலும் பெண்ணின் உடல் சிறுபான்மையாயிற்று.

2013-இல் வெளியான மற்றோர் ஆய்வு கவிஞர்களின் கருத்திற்குரியது. முன்நிலையில் நின்ற 537 ஆடவருள் ஒரு பாதியினர்க்கு உணவும் உடலியக்கமும் குறித்த குறுஞ்செய்திகள் கைபேசி வாயிலாக அடிக்கடி அனுப்பப்பட்டன. ஈராண்டில் செய்தி பெறாதோருள் 27 விழுக்காட்டினரும், பெற்றோருள் 18 விழுக்காட்டினரும் நீரிழிவுற்றனர். சில சொற்கள், உரிய நேரத்தில், மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டன, அவ்வளவே. சொல்லின் ஆற்றலை நம்புவோர்க்கு இதனினும் நல்ல செய்தி வேறில்லை.

வயது கடந்தபின் தொடங்கிப் பயன் என்ன என ஏங்குவோர்க்கும் ஒரு சான்று உண்டு. 1966-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இருபது வயதினர் ஐவர் மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்தப்பட்டனர். அவர்தம் உழைப்புத்திறன் பெரிதும் வீழ்ந்தது. முப்பதாண்டு கழித்து அதே ஐவரை ஆராய்ந்தபோது, முப்பதாண்டு மூப்பு செய்த கேட்டினும் மூன்று வாரப் படுக்கை செய்த கேடு மிகுதி எனத் தெரிந்தது. ஐம்பது வயதில் ஆறு திங்கள் பயிற்சி பெற்று, மூப்பினால் இழந்த திறனை அவர்கள் மீட்டனர்.

எவ்வளவு, எங்ஙனம்

உலக நல நிறுவனம் 2020-இல் வகுத்த நெறிப்படி, வளர்ந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்தில் உடலை இயக்குதல் வேண்டும். வாரம் இருமுறை தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும். நாற்காலியில் கை ஊன்றாது பலமுறை அமர்ந்தெழுதலும் சுவரில் கையூன்றித் தள்ளுதலும் இல்லத்திலேயே செய்யக்கூடியன. நெடுநாள் அசையாதிருந்தோர் நாளொன்றுக்குப் பத்து நிமிடத்தில் தொடங்கிச் சிறுகச் சிறுக உயர்த்தலாம். உண்டபின் கால்மணி நேரம் மெல்ல நடத்தலும் அவ்வேளையில் ஏறும் சர்க்கரையைத் தணிக்கும்.

மிதமான வேகம் யாது? உடன் வருபவரோடு பேச இயல வேண்டும். பாட இயலக் கூடாது. பண்ணிசைத்துப் பாட முடிந்தால் நடை மெதுவானது. பேசவே மூச்சு வாங்கினால் நடை கடுமையானது. கவிஞர்கள் நடக்கும்போது பாட்டை இயற்றலாம். பாடுவதை வீடு திரும்பியபின் வைத்துக்கொள்ளலாம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் திருச்சுற்று ஏறத்தாழ 240 மீட்டர் நீளமும் 120 மீட்டர் அகலமும் உடையது. ஒருமுறை சுற்றினால் 700 மீட்டர் அளவாகும். நான்கு சுற்று ஏறக்குறைய 3 கிலோமீட்டர். அரைமணி நேரத்து விரைநடை அதுவே. வலம் வருவோர் நின்று தொழுதும் சிலை கண்டும் செல்வர். பயிற்சி நடை இடையறாதது. இராசராசன் எடுப்பித்த சுற்று இரண்டிற்கும் இடம் தரும்.

நெஞ்சுவலியுடையோரும் நெஞ்ச நோய்க்கு மருத்துவம் பெற்றோரும் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளோ கொள்வோர்க்கு நடையின்போது சர்க்கரை மிகத் தாழ்தல் கூடும். அவர்கள் சிறிது இனிப்பைக் கையில் கொண்டு செல்லல் நன்று. நீரிழிவுடையோர் செருப்பின்றி நடத்தலும் காலின் புண்ணைப் புறக்கணித்தலும் கூடா.

பெண்ணின் நடை

இவ்வறிவுரை யாவும் ஆடவர்க்கு எளிது. வைகறையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் நடக்கும் ஆடவரை எவரும் வினவுவதில்லை. அதே வேளையில் இல்லத்தரசி அடுப்படியில் நிற்கிறாள். மாலையில் தனியே நடந்தால் எங்கே போகிறாய் என்னும் வினா தெருமுனைக்குள் மூன்றுமுறை எழுகிறது. வீட்டுவேலையே போதாதா என்பது மற்றொரு வினா. வீட்டுவேலையும் உடலியக்கமே, அதனை இழித்தல் தகாது. ஆயினும் சிறுசிறு துண்டுகளாய், நின்ற இடத்திலேயே நிகழும் அவ்வேலை, மூச்சை விரைவிக்கும் அரைமணி நடைக்கு ஈடாதல் அரிது. அயர்வைத் தருகிறது, பயிற்சியின் பயனை முழுமையாகத் தருவதில்லை.

பாட்டி நாற்று நடச் சென்றபோது அவள் நடையை எவரும் தடுக்கவில்லை. அது பிறர்க்குப் பயன்பட்டது. பேத்தி தன் உடலுக்காக நடக்கும்போதே தடை எழுகிறது. பெண்ணின் உழைப்பை ஏற்ற மண், பெண்ணின் நலத்தையும் ஏற்கப் பழக வேண்டும். அந்த அரைமணி நேரத்திற்கு அடுப்படியைப் பிறர் ஏற்பதே குடும்பத்தார் செய்யக்கூடிய முதல் மருத்துவம்.

நிறைவாக

சொன்னவற்றைத் தொகுத்துக் காணின் கருத்து ஒன்றே. மருத நிலத்து உடலிலிருந்து உழைப்பு நீங்கியது. உணவும் பசியும் நீங்கவில்லை. அவ்விடைவெளியில் புகுந்ததே நோய். பழைய அடிமை உழைப்பு திரும்ப வேண்டுவதில்லை. அரைமணி நேர நடை நாள்தோறும் திரும்பினால் போதும்.

ஆதலின் வட்டத்தார்க்கு ஒரு வேண்டுகோள் வைக்கப்படுகிறது. பதினோராம் ஆண்டு முதல், திங்கட் கூட்டம் தொடங்குதற்கு ஒருமணி நேரம் முன்னர் உறுப்பினர் புது ஆற்றங்கரையில் கூடுக. ஆடவரும் பெண்டிரும் குடும்பத்தோடு வருக. அரைமணி நேரம் நடந்தபின் அரங்கிற்குள் புகுக. திங்களுக்கு ஒருமுறை நடப்பதால் மட்டும் தசை திருந்திவிடாது என்பது மேலே கூறப்பட்டது. ஆயினும் சேர்ந்து நடந்தவர் மறுநாள் தனியே நடக்கத் துணிவர்; தனியே நடக்கும் பெண்ணை ஊர் வினவாதிருக்கவும் அது பழக்கும். கவியரங்கம் அரைமணி நேரம் தாழ்ந்து தொடங்கின் இலக்கியத்திற்கு இழப்பில்லை. பத்தாம் ஆண்டில் கூடியிருக்கும் இவ்வவையினர் அனைவரும் இருபதாம் ஆண்டிலும் நலத்தோடு கூடியிருத்தலே வட்டத்தின் பெருஞ்செல்வம்.